பலகை செல்லுமா? பைத்தான் செஸ் குறிப்புகள்

● செஸ் என்ற பைத்தான் நூலகத்தை நிறுவ ஒரே வரி: பிப் இன்ஸ்டால் செஸ். பழைய பாடங்களில் பைத்தான்-செஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. நிரலில் இம்போர்ட் செஸ். நல்ல நகர்வைத் தேடித் தருவது இதன் வேலை இல்லை. விதி தெரியும், நாம் சொந்தமாக அடுக்கிய நிலை விதிக்குள் நிற்கிறதா என்று பார்க்க அது போதும்.

● நிலையை ஒற்றை வரியில் எழுதும் முறைக்கு ஃபென் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் டேவிட் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பத்திரிகையாளர் தொடங்கியது. ஸ்டீவன் எட்வர்ட்ஸ் பின்னாளில் கணினிக்காக விரித்தார். எட்டாம் வரிசையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். பெரிய எழுத்து வெள்ளைக்காய், சின்ன எழுத்து கறுப்புக்காய், எண் என்றால் அத்தனை காலிக் கட்டம். அதன்பின் யார் முறை, கோட்டை கட்டும் உரிமை முதலான ஐந்து விவரங்கள்.

● சோதனைக்கு இரண்டு வாசல். முதலாவது எழுத்துப்பிழைக்கு: ஒரு வரிசையின் கூட்டல் எட்டு வராவிட்டாலோ, இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தாலோ வேல்யூ எரர், பலகையே உருவாகாது. இரண்டாவது ஆட்டவிதிக்கு: இதை நாமேதான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ராஜா இல்லாத பலகையும் முணுமுணுக்காமல் உருவாகிவிடும்.

● அப்படிக் கேட்க இரண்டு வழி. இஸ்_வேலிட் ஆம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஸ்டேட்டஸ் காரணத்தைச் சொல்லும். ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண்: வெள்ளை ராஜா இல்லை 1, கறுப்பு ராஜா இல்லை 2, ராஜாக்கள் அதிகம் 4, கடைசி வரிசையில் சிப்பாய் 32. பல குறைகள் இருந்தால் எண்கள் கூட்டியே வரும். விடை 3 என்றால் இரண்டு ராஜாவும் இல்லை. பூஜ்யம் வந்தால் குறை எதுவும் சிக்கவில்லை.

● காய்களை மட்டும் எழுதி மற்றதை விட்டாலும் ஏற்றுக்கொள்ளும். வெள்ளையின் முறை என்று தானே வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் கறுப்பு ராஜாவுக்குச் செக் இருந்தால் வம்பு: நகர வேண்டியவர் வெள்ளை, செக்கில் நிற்பதோ எதிராளி. ஆட்டத்தில் இப்படி வராது. விடையில் 1024 தெரிந்தால் காய்களைக் கலைக்காமல் முதலில் முறையைப் பார்க்க வேண்டும்.

● யானையை எடுத்துவிட்டுக் கோட்டை உரிமையை அப்படியே விட்டால் 256. கிளீன்_காஸ்லிங்_ரைட்ஸ் உண்மையில் மிஞ்சும் உரிமையைத் தரும். அதையே பலகைக்குத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது.

● எந்த விதிப்படி என்பதும் முக்கியம். ஹோர்ட் ஆட்டத்தில் வெள்ளைக்கு ராஜாவே கிடையாது, 36 சிப்பாய்கள். சாதாரணப் பலகையில் போட்டால் குறை மேல் குறை. செஸ்.வேரியன்ட்டில் இருக்கும் ஹோர்ட் பலகையில் அதே நிலை சுத்தம்.

● பூஜ்யத்தை நம்பி அச்சுக்கு அனுப்ப வேண்டாம். பி2-இல் வெள்ளைச் சிப்பாய், ஏ1-இல் வெள்ளை மந்திரி: நகராத சிப்பாயைத் தாண்டி மந்திரி அந்த மூலைக்குப் போக வழியே இல்லை. கருவி இதை விட்டுவிடும். ஒரு ராஜா, எட்டுச் சிப்பாய், ஏழு ராணி என்றாலும் 16 காய்தானே என்று விட்டுவிடும். நிலையில் பழுது இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. ஆடி வந்து சேரக்கூடிய நிலையா என்று பார்ப்பதில்லை.

● ராணி விஷயத்துக்குச் சொந்தமாக ஒரு சின்னச் சோதனை எழுதிச் சேர்க்கலாம். ஒரு ராணிக்கு மேல் எத்தனை, யானை, குதிரை, மந்திரி ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மேல் எத்தனை என்று கூட்டிக்கொள்ள வேண்டும். எட்டிலிருந்து மிச்சச் சிப்பாய்களைக் கழித்தால் வரும் எண்ணை அந்தக் கூட்டுத்தொகை தாண்டக் கூடாது. மூலையில் மாட்டிய மந்திரிக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்குப் புதிர் அமைப்பவர்தான் நகர்வுகளைப் பின்னோக்கி யோசிக்க வேண்டும்.