முதுகில் ஓர் அடுக்களை

மலையேறப் போகிறவர்கள் ரொட்டியையும் பிஸ்கோத்தையும் கடித்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியொன்றும் இல்லை. உப்புமா கிளறத் தெரிந்தவள் இமயமலையிலும் சுடச்சுடச் சாப்பிடலாம்!

2023-ஆம் வருஷம் மே மாதம், என் ஐம்பத்தெட்டாவது வயதில், பெண்ணோடு உத்தராகண்டிலுள்ள ஹர் கீ தூன் பள்ளத்தாக்குக்குப் போனேன். தாலுக்கா வரையில் ஜீப். அப்புறம் நாலு நாள் நடராஜா சர்வீஸ். பாண்டவர்கள் சுவர்க்கத்துக்கு ஏறிய வழி என்று கதை சொல்லும் சுவர்க்காரோகிணிச் சிகரம் எதிரே நிற்கிறது. திரௌபதிக்காவது வனவாசத்தில் அட்சய பாத்திரம் இருந்தது. எங்களுக்கு வாய்த்ததோ ஒரு லிட்டர் பிடிக்கும் அலுமினியப் பாத்திரமும், உள்ளங்கையளவு காஸ் அடுப்பும்தான். "உன் முழங்காலுக்கு ஆறு கிலோவுக்கு மேல் ஆகாதம்மா" என்று பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வடித்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே? அது மலை ஓடையிலேயே கிடைக்கும்போது ஊரிலிருந்து எதற்குச் சுமப்பது? ஆகவே, உலர்ந்த பண்டமாகவே எடுத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம். இருவருக்கும் நாலு நாளைக்கு ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிட்டது.

அரிசியும் துவரம்பருப்பும் அங்கே உதவாது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் மசியாது, காஸ்தான் தீரும். பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். ரவையை நெய்யில் சிவக்க வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய் தாளித்து, காய்ந்த கறிவேப்பிலையும் சுக்குப் பொடியும் உப்பும் கலந்து, ஒரு வேளைக்கு ஒரு சிறு பையாகக் கட்டினேன். அவலை ரவையாக உடைத்துப் புளிக்காய்ச்சலுக்கு ஜோடி சேர்த்தேன். பாசிப்பருப்பை வறுத்து மாவாகப் பொடித்தேன். வறுத்த சேமியா, சத்துமாவு, வேர்க்கடலை, வெல்லம்... நெய்யை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிராமுக்குக் கிராம் மாவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பலம் தருவது அது.

காஸ் டப்பாவை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக விடமாட்டார்கள், டேராடூனில் வாங்கிக்கொண்டோம். அதைச் சிக்கனப்படுத்த ஒரு யுக்தி: நீர் கொதித்ததும் ரவையைக் கொட்டிக் கிளறி, மூடி, அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கம்பளி மப்ளரால் சுற்றிவிட வேண்டும். பத்து நிமிஷத்தில் மலர்ந்துவிடும். மப்ளரில் பெருங்காய வாசனை ஏறியதற்கு என் பெண் முகம் சுளித்தாள். சுளிக்கட்டுமே!

மூன்றாம் நாள் அவளே சோர்ந்துபோய்விட்டாள். உயரத்தில் பசி மந்தித்துப்போவது சகஜம். காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. சேமியாவைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் சிகரத்தை மறந்து உடனே கீழே இறங்கியாக வேண்டும். அவை இருக்கின்றனவா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றாள். ஆனால் மறுநாள் எட்டு மணி நேரம் நடந்தாக வேண்டுமே! வெறும் வயிற்றோடு எப்படி?

மிளகும் சீரகமும் பொடித்து வைத்திருந்தேன். ஒரு துளி புளி, பாசிப்பருப்பு மாவு ஒரு கரண்டி, உப்பு, பெருங்காயம். கொதி வந்ததும் நெய் விட்டேன். அந்தக் குளிரில் ரசத்தின் ஆவி முகத்தில் பட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் குடித்தாள். இரண்டாவது டம்ளரில் கைப்பிடி அவலைப் போட்டுக் கொடுத்தேன். மறுப்பேதும் சொல்லாமல் சாப்பிட்டாள். அப்புறம்தான் நான் என் பங்கைத் தொட்டேன்.

மறுநாள் தாலுக்காவரை என் முன்னே நடந்தவள் அவள்தான்.

அடுத்த தடவைக்கு மணத்தக்காளி வற்றலும் வறுத்து வைத்திருக்கிறேன். இரண்டு கைப்பிடி, எடை என்று சொல்ல ஒன்றுமேயில்லை.