தண்ணீர் கடிக்குமா?

மலர்க் குழுவினர் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு கேட்டபோது, தமிழாசிரியனாகிய நான் சங்க நூல்களைப் பற்றியோ திருமுறைகளைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நான் எழுதப் புகுவதோ நம் கல்லூரி நீச்சல் தடாகத்தின் நீரடி விளக்குகளையும் அவற்றின் வயறிங்கையும் மாற்றிய கதை. பொருள் சிறிதென்று அன்பர்கள் தள்ளிவிடலாகாது. பிள்ளைகளின் உயிரோடு தொடர்புடைய எதுவும் சிறிதன்று. அன்றியும், இக்கதையில் நான் செய்த பிழையொன்றும் உண்டு. அதனை ஒளியாமற் சொல்லவே எழுதத் துணிந்தேன்.

விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாசிரியர் ஒருவர் இருத்தல் நம் கல்லூரி வழக்கம். யாரும் விரும்பி ஏற்காத நீச்சல் என் பங்கிற்கு வந்தது. கீரிமலைக் கேணியின் படியைப் பிடித்துக்கொண்டு காலடித்ததற்கு மேல் நீந்தியறியாதவன் நான். பயிற்றுநர் தனியே இருந்தமையால், வரவைக் குறித்தல், திறப்பைக் காத்தல், மாலைப் பயிற்சியின்போது கரையில் நிற்றல் ஆகிய மூன்றுமே என் கடமையாயின.

தடாகத்தின் இரு நெடுஞ்சுவர்களிலும் நீர்மட்டத்துக்குக் கீழே, பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்குகள் இருந்தன. இருள் பரவும் வேளையில் அவற்றைப் போட்டால் நீர் முழுவதும் நீலமணி போல் ஒளிரும். நான் 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்திற் படித்தவன். எனக்கு மின்சாரம் என்றால் வரம். அது தீங்கும் செய்யும் என்பதை நூலிற் படித்திருந்தேனேயன்றி உள்ளத்தில் உணர்ந்திருக்கவில்லை. நீருக்குள் எரியும் விளக்கைக் கண்டு பல மாலைகள் வியந்து நின்றேன். அது எவ்வாறு எரிகின்றது என்று ஒரு மாலையேனும் கேட்டேனல்லேன்.

ஒருநாள், ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் உருக்கேணியைப் பிடித்துக் கரையேறி, என்னிடம் வந்து, "சேர், உதிலை தண்ணி கடிக்குது" என்றான். நான் சிரித்தேன். "தண்ணீர் கடிக்காது தம்பி. நாய் கடிக்கும், நுளம்பு கடிக்கும். குளிர்ந்தால் குளிர்கிறது என்று சொல்லவேண்டும்" என்று திருத்தினேன். சுற்றி நின்ற பிள்ளைகளும் சிரித்தனர். அவன் மறுமொழி பேசாது மற்றக் கரைக்குச் சென்றான். அதன் பின்னர் அவன் அந்த ஏணியால் ஏறவேயில்லை. அதனை நான் கண்டேன், கருத்திற் கொள்ளவில்லை.

பத்து நாட் கழிந்தன. நீரில் மிதந்த தொப்பியொன்றை எடுப்பதற்காக இடக்கையால் அவ்வேணியைப் பற்றிக்கொண்டு வலக்கையை நீரில் நனைத்தேன். விரல் நுனி தொடங்கி முழங்கை வரை எறும்புக் கூட்டமொன்று ஊர்ந்து கடித்தாற் போன்றிருந்தது. கையை வாங்கினேன், உணர்ச்சி நின்றது. மீண்டும் வைத்தேன், மீண்டும் கடித்தது. கடித்தது என்ற சொல்லே என் வாயில் வந்தது. அப்பிள்ளை அன்று சொன்ன சொல்லைவிடப் பொருத்தமான சொல் தமிழில் வேறில்லை என்பதை அக்கணத்திற் கண்டேன்.

ஓடிச்சென்று விளக்குகளின் பிரதான சுவிச்சை அணைத்தேன். பிள்ளைகளை மறுகரையால் ஏறச் செய்தேன். தடாகத்தைப் பூட்டி, அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பிள்ளை சொல்லும் பொருளைப் பற்றிக்கொண்ட பின்னரே அவன் சொல்லைத் திருத்துக என்பது, ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில் எனக்குப் புகட்டப்பட்ட பாடம். அதனை நான் பிறருக்கும் போதித்திருக்கிறேன். சொல்லையே தொழிலாகக் கொண்ட நான், உயிர்காக்கும் சொல்லொன்று காதில் விழுந்தபோது அதற்கு இலக்கணம் பார்த்திருந்தேன்.

மறுநாட் காலை, மின்வேலையில் தேர்ந்த பழைய மாணவர் ஒருவரை அழைத்தோம். என் வகுப்பில் இருந்தவர்தாம். தமிழிற் சித்தியடைவதற்குப் பெரிதும் இடர்ப்பட்டவர். அன்று அவர் ஆசிரியராகவும் நான் மாணவனாகவும் நின்றோம். அவர் முதலில் மின்னைத் துண்டித்து, பெட்டியைப் பூட்டி, திறப்பைத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். "வேலை செய்யிறவன்ரை பொக்கற்றிலைதான் திறப்பு இருக்கவேணும், சேர்" என்றார்.

இத்தகைய விளக்கு சுவரிற் குடைந்த மாடமொன்றில் அமர்ந்திருக்கும். மாடத்திலும் நீர் நிறைந்திருக்கும். நீர் புகாதது விளக்கின் கூடு மட்டுமே. மேலேயுள்ள ஓர் ஆணியைக் கழற்றினால் விளக்கு வெளியே வரும். கரைவரை தூக்குவதற்குப் போதிய வடம் மாடத்துக்குள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆகவே தடாகத்தை வடிக்காமலே விளக்கை மேலே கொணரலாம். ஏணியருகிலிருந்த விளக்கைத் தூக்கினோம். கண்ணாடியின் பின்னே பாதிவரை நீர் நின்றது. இறப்பர் வளையம் வெடித்துக் கல்லாகியிருந்தது. புவிக்கம்பி இருந்த இடத்திற் பச்சைக் களிம்பே எஞ்சியிருந்தது. வடத்தின் காவலி எவ்வளவு தாங்குகிறது என்பதை மெகர் என்னும் கருவியால் அளந்தார். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாத இடத்தில் முள் பூச்சியத்தை ஒட்டி நின்றது.

பம்பி அறையில் மற்ற உண்மைகள் வெளிப்பட்டன. தடாகத்தை அமைத்தவர்கள் செவ்வையாகவே அமைத்திருந்தனர். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின் 230 உவோற்று. அதனை நிலைமாற்றி ஒன்றினால் 12 உவோற்றாகக் குறைத்தே விளக்குகளுக்கு அனுப்பியிருந்தனர். இடைக்காலத்தில் நிலைமாற்றி பழுதாயிற்று. திருத்த வந்தவர் யாரோ, புதியது வாங்குஞ் செலவை மிச்சம்பிடிக்க எண்ணி, 230 உவோற்று விளக்குகளைப் பூட்டி நேரே இணைத்துவிட்டார். பின்னர் ஈரங்கசிந்து ட்றிப் சுவிச்சு அடிக்கடி விழுந்தது. அச்சுவிச்சு பிள்ளைகளுக்காக அபயக்குரல் எழுப்பியது என்பதை உணராது, தொல்லை என்று கருதி அதனையும் விலக்கி இணைத்திருந்தனர். கசிந்த மின் நீர் வழியாக உருக்கேணியை நோக்கிப் பாய்ந்தது. ஒரு கையால் ஏணியையும் மறு கையால் நீரையும் தொட்டவன் அதற்குப் பாலமானான்.

"விளக்கு எரியுது எண்டதுக்காக அது நல்லா இருக்கெண்டு இல்லை, சேர்" என்றார் என் பழைய மாணவர். எரிகின்ற விளக்கு ஒளிக்குச் சான்று, காப்புக்குச் சான்றன்று.

மின்னோட்டம் ஏறக்குறைய 10 மில்லி அம்பியரை எட்டும்போதே ஒருவன் தான் பற்றிய பொருளை விடமுடியாதவாறு தசைகள் இறுகலாம். நிலத்தில் நிற்பவன் கூவுவான். நீரில் இருப்பவனோ கை கால் விறைத்து ஓசையின்றி அமிழ்வான். கரையில் நிற்பவருக்கு அவன் நீந்தத் தெரியாது மூழ்கியவனாகவே தோன்றும். காப்பாற்றக் குதிப்பவரும் அதே நீருக்குள்ளேயே குதிக்கிறார். ஆதலின், தடாகத்தில் ஒருவன் விறைத்து வீழக் கண்டால் குதித்தலாகாது. முதலில் மின்னைத் துண்டித்து, மின் கடத்தாத கழியையோ மிதவை வளையத்தையோ நீட்டவேண்டும். மாணவர் இவ்வொன்றையேனும் மனத்திற் பதித்தல் நன்று.

புதுக்கும் பணிக்குப் பணம் வேண்டியிருந்தது. விழா ஆண்டு நெருங்கியமையால் அன்பர்கள் பலரிடம் பல திட்டங்கள் இருந்தன. கூட்டத்தில் ஒருவர், "விளக்குகள் எரிகின்றனவே, இப்போது மாற்றுவானேன்?" என்றார். மற்றொருவர், விளக்கை மட்டும் மாற்றி நிறம் மாறும் விளக்காக்குவோம், சுவருக்குள் இருக்கும் வயறிங் கண்ணுக்குத் தெரியாதது, அது கிடக்கட்டும் என்றார். அவர் தீய எண்ணத்தாற் சொல்லவில்லை. மண்டபத்துக்கும் நுழைவாயிலுக்கும் கொடுத்தவர் பெயரைச் சலவைக்கல்லிற் பொறிக்கலாம். புவிக்கம்பியில் எவர் பெயரைப் பொறிப்பது? நம் சமூகத்தில் கொடைக்குக் குறைவில்லை. ஆயின், கண்ணுக்குத் தெரிவனவற்றுக்குக் கொடுக்கும் கை, தெரியாதனவற்றின் முன் சற்றே தயங்குகிறது.

நான் எழுந்து, அப்பிள்ளை சொன்னதையும், அதற்கு நான் விடுத்த மறுமொழியையும், என் கை அறிந்ததையும் சொன்னேன். பேசும்போது வெட்கமாகவே இருந்தது. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின் வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், முழுச் செலவும் தம்முடையதென்றார். தம் பெயர் எவ்விடத்தும் வரலாகாது என்பதே அவரது நிபந்தனை. அதனாலேயே இங்கும் அவர் பெயர் இல்லை.

வேலை தொடங்கிற்று. பழைய வடத்தை முதலில் வெட்டியெறிதல் பேதைமை. அதன் முனையிற் புதிய வடத்தைக் கட்டி, ஒருவர் மாடத்தின் பக்கத்தில் மெல்லச் செலுத்த, மற்றவர் கரையிலுள்ள இணைப்புப் பெட்டியின் பக்கமிருந்து இழுப்பர். பழையது வெளியேறப் புதியது அதனிடத்திற் புகும். மூன்று விளக்குகளுக்கு அவ்வாறே இலகுவாக நிறைவேறியது. நான்காவது, ஏணியருகிலிருந்தது, அசையவில்லை. நீர்மட்டத்தை மாடத்துக்குக் கீழே இறக்கி, கரைச் சீமெந்தை உடைத்துக் குழாயைத் திறந்தோம். நடுவே வடத்தை ஒட்டுப்போட்டுக் கறுப்பு ரேப்பினாற் சுற்றியிருந்தனர். ரேப் அவிழ்ந்து செம்புக்கம்பி வெறுமையாய்க் கிடந்தது. விளக்குவரை ஒட்டில்லாத ஒரே வடமாய் இருக்கவேண்டியதற்கு அவ்வளவு காலமும் அந்த ரேப்பே காவலாயிருந்தது. வயறிங் கிடக்கட்டும் என்று விட்டிருந்தால் புதிய விளக்கும் பழைய நஞ்சையே உமிழ்ந்திருக்கும்.

குழாயும் புதிதாக இடப்பட்டது. பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்றும் பிள்ளைகள் எல்.ஈ.டி. என்றும் வழங்கும் விளக்குகள், இறப்பர் வளையங்களும் புதியனவாக, நான்கு மாடங்களிலும் அமர்ந்தன. முதன்முதல் இருந்தவை ஒவ்வொன்றும் 300 உவாற்று. 12 உவோற்றில் 25 அம்பியர் இழுப்பவை. இவையோ 30 உவாற்று, 2.5 அம்பியரே போதும். மின் மீண்டும் 12 உவோற்றாயிற்று. தடாகத்தின் விளிம்பிலிருந்து 2 மீற்றர் ஒரு வலயம், அதற்கப்பால் 1.5 மீற்றர் இன்னொரு வலயம் எனச் சர்வதேச மின்னியல் நியமங்கள் வகுத்துள்ளன. இரண்டுக்கும் அப்பாலுள்ள பம்பி அறையிலேயே புதிய நிலைமாற்றி வைக்கப்பட்டது. அதன் இரு சுருள்களும் ஒன்றோடொன்று தொடர்பின்றிக் காவலிடப்பட்டவை. 230 உவோற்றின் பக்கத்தில் 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச்சு தன் பழைய இடத்துக்கு மீண்டது. ஏணி, கைப்பிடிகள், பம்பியின் உடல், சீமெந்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் யாவும் தடித்த செம்புக்கம்பியால் ஒன்றாக இணைக்கப்பட்டன. தொடும் பொருள்கள் யாவும் ஒரே அழுத்தத்தில் இருப்பின் அவற்றிடையே மின் பாய வழியில்லை.

எல்லாம் அளந்து முடிந்தபின், வேலை செய்தவர் முதலிலும் நான் அடுத்தும் ஒரு கையால் ஏணியைப் பிடித்து மறுகையை நீரில் வைத்தோம். நீர் நீராகவே இருந்தது.

மீண்டும் திறந்த மாலையில் அந்த மாணவனை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும், "தம்பி, அன்று நீ சொன்னது சரி. நான் கேளாதது பிழை" என்றேன். எல்லோர் முன்னிலையிலும் சிரித்தேனாதலின், எல்லோர் முன்னிலையிலும் சொல்லவேண்டியிருந்தது. அவன் நாணித் தலை குனிந்தான். பின்னர் நீரில் இறங்கி, நான்கைந்து முறை நீந்தி, அதே ஏணியால் ஏறிவந்து, "இப்ப கடிக்கேல்லை, சேர்" என்றான். நான் எதனையும் திருத்தவில்லை.

இன்று பம்பி அறைக் கதவின் பின்னே கொப்பியொன்று தொங்குகிறது. மாதந்தோறும் ட்றிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுந்ததென நாளிட்டுக் கையொப்பமிடுகிறேன். ஆண்டுக்கொருமுறை விளக்குகளைத் தூக்கிப் பார்க்கவும், காவலியை அளந்து பார்க்கவும் ஒழுங்கு செய்திருக்கிறோம். எனக்குப் பின் வரும் பொறுப்பாசிரியர் அக்கொப்பியைத் தொடர்வாராக. பழைய மாணவ அன்பர்கள் கல்லூரிக்கு வரும்போது மண்டபத்தையும் மைதானத்தையும் கண்டு மகிழ்வதோடு, கூரைக்கு மேலும் சுவருக்குள்ளும் இருப்பவை எந்நிலையில் உள்ளன என்றும் ஒரு வார்த்தை கேட்பார்களாக. ஆசிரிய நண்பர்களுக்கும் எனக்கும் நான் சொல்லிக்கொள்வது ஒன்றே: பிள்ளை சொல்வதை முதலிற் கேட்போம், திருத்துவதற்குப் பின்னர் நேரமுண்டு.

இறைவன் திருவருளால் நம் கல்லூரி நீடு வாழ்க.