அம்மாவோட டி.பி.யும் ஒரு செவப்புத் தட்டானும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது வழக்கமான சாக்கு. உண்மை என்னன்னா, ஒரு போட்டோவப் பத்தி எழுத வேண்டியிருந்துச்சு, அத எழுதக் கூச்சமாவும் இருந்துச்சு. இன்னிக்கு எழுதிடறேன்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே.

எங்க ஊர் விருதுநகர் பக்கம். கம்மாய்க் கரையில தட்டான் பிடிக்கிறதுல நான் கில்லாடி. பின்பக்கமாப் பூனை மாதிரி போயி, மூச்சக் கூட விடாம, ரெண்டு விரலால வாலப் பிடிக்கணும். அப்புறம் வால்ல நூலக் கட்டி, ஒரு குட்டிக் கல்லுகிட்ட காட்டினா, பாவம், ஆறு காலாலயும் பிடிச்சுத் தூக்கும். யாரோட தட்டான் பெரிய கல்லத் தூக்குதுன்னு எங்களுக்குள்ள பந்தயம். ஒரு நாள் அம்மா பாத்துட்டாங்க. அடிக்கல, திட்டல. கத்தரிய எடுத்துட்டு வந்து நூல அறுத்து விட்டுட்டு, "ஒன் இடுப்புல கயித்தக் கட்டி அம்மியத் தூக்குன்னா தூக்குவியாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதோட விட்டவன்தான்.

அப்புறம் எல்லாரையும் போல நானும் இன்ஜினியரிங் படிச்சு, சென்னைக்கு வந்து, ஓ.எம்.ஆர். ஜோதியில ஐக்கியமாயிட்டேன். வேலைக்குச் சேந்த ரெண்டாவது வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேனன் 1200டி வாங்கினேன். கூடவே 18-55, 55-250ன்னு ரெண்டு லென்ஸ். வாங்கின முதல் ஞாயித்துக்கிழமை எதப் படம் எடுத்தேன்னு சொல்லணுமா என்ன? எங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்துல ஒரு காலி மனை. மழை பெஞ்சா ஆறு மாசம் தண்ணி நிக்கும். அங்க நம்ம ஆளுங்க கூட்டம் கூட்டமா!

அதுக்கு முன்னாடி ரூம்மேட்டோட பழைய பாயிண்ட் அண்ட் ஷூட் கேமராவுல எடுத்துப் பாத்திருக்கேன். அதுல அந்தக் குட்டிப் பூ படம் போட்ட மேக்ரோ மோடு இருக்கும்ல, அத வச்சா ரெண்டு மூணு சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம். சென்சார் சின்னதுங்கிறதால தலையிலிருந்து வால் வரை ஓரளவு தெளிவா விழும். பிரச்சினை என்னன்னா, அவ்ளோ கிட்டப் போற வரைக்கும் தட்டான் இருக்கணுமே! 18-55லயும் அதே கதை. சென்சார்லேந்து 25 செ.மீ. தூரத்துல ஃபோகஸ் ஆகும். அதாவது லென்ஸ் முனைக்கும் தட்டானுக்கும் நடுவுல ஒரு சாண் கூட இருக்காது. நான் குனியறதுக்குள்ள அது அடுத்த தெருவுல இருக்கும் :-)

அப்பத்தான் மேக்ரோ கிறுக்கு பிடிச்சுது. கேனன் 100 எம்.எம். மேக்ரோவ ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன். அது ஒண்ணுக்கு ஒண்ணு லென்ஸ். 22 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருள், 22 மில்லிமீட்டர் சென்சார் முழுக்க நிறையும். தட்டானோட கண்ணுல ஆயிரக்கணக்கான குட்டிக் கண்ணுங்க தேன்கூடு மாதிரி அடுக்கியிருக்கும்ல, அது தெரியணும்னா இந்த மாதிரி லென்ஸ் வேணும். ஆனா இதுக்கும் அந்த அளவு பெரிசா எடுக்க லென்ஸ் முனையிலிருந்து 15 செ.மீ. தான் இடம். போதாக்குறைக்கு, எஃப் 11 வச்சாலும் தெளிவா விழறது ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. காத்துல புல்லு ஆடினாலே படம் காலி.

முதல் நாள் முழுக்க எடுத்தேன். ஒண்ணு கூடத் தேறல. மறுநாள் சாயந்திரம் லென்ஸத் திருப்பிக் குடுக்கணும்.

இங்கதான் அந்த வேலையச் செஞ்சேன்.

பூச்சிங்களக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சா அசையாதுன்னு எங்கயோ படிச்சிருந்தேன். லாஜிக் சரிதான். அதுங்களுக்கு நம்மள மாதிரி உடம்புச் சூடு நிலையா இருக்காது. குளிர்ந்துட்டா றெக்கைத் தசை வேலை செய்யாது. அதிகாலையில தட்டான் புல்லுல உக்காந்து வெயில் காயறது அதுக்குத்தான். காலி மனைக்குப் போனேன். ஊர்ல கத்துக்கிட்ட வித்தை மறக்கல. ஒரே முயற்சியில ஒரு செவப்புத் தட்டான். ஸ்கார்லெட் ஸ்கிம்மர்ம்பாங்க, ஆண் தட்டான் மொளகாப் பழம் மாதிரி இருக்கும். டிபன் டப்பாவுல போட்டு, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்துல பத்து நிமிஷம்.

வெளிய எடுத்துப் பால்கனியில புதினாச் செடி மேல உக்கார வச்சேன். சமர்த்தா உக்காந்துச்சு. ஃபோகஸக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி இருவது படம் எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அட்டகாசமான படம். கண்ணு, மூஞ்சியில இருக்கற முடி, றெக்கை நரம்பு, எல்லாம் எண்ணலாம்.

படம் எடுத்து முடிச்சதும் அது மெதுவா சூடேறிப் பறக்கப் பாத்துச்சு. ஒரு பக்கமா சாஞ்சு கீழ விழுந்துச்சு. பிடிக்கும்போதோ, டப்பாவுக்குள்ள போடும்போதோ ஒரு றெக்கை மடங்கியிருக்கு. தூக்கித் தொட்டியில வச்சேன். லென்ஸக் குடுத்துட்டு ராத்திரி வந்து பாத்தா, எறும்பு வந்திருந்துச்சு.

அந்தப் படத்துக்கு ஆபீஸ் போட்டியில முதல் பரிசு. அதக் கூட ஒதறிட்டுப் போயிருப்பேன். அம்மாவுக்கு அனுப்பினது தான் தப்பாப் போச்சு. அவங்க அத வாட்ஸ்அப் டி.பி.யா வச்சுட்டாங்க. சித்தி, பெரியம்மா, பக்கத்து வீடு எல்லார்கிட்டயும், "எம்மவன் அது அசையாம உக்கார்ற வரைக்கும் மணிக்கணக்காக் காத்திருந்து எடுத்திருக்கான். அவனுக்குப் பொறுமை ஜாஸ்தி"ன்னு பெருமை வேற. ஒவ்வொரு தடவை அம்மா போன் பண்றப்பவும் அந்தத் தட்டான் ஸ்கிரீன்ல வந்து நிக்கும். எட்டு மாசம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப சொல்லிட்டேன். அம்மா கரும்பு நறுக்கிட்டிருந்தாங்க. "ம்மா, அந்தத் தட்டான நான் ஃப்ரிட்ஜ்ல வச்சுத்தான் எடுத்தேன். அப்புறம் செத்துருச்சு"ன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. நறுக்கறதையும் நிறுத்தல. அப்புறம், "நாளைக்குக் காலைல கம்மாய்க்குப் போயி வேற ஒண்ணு எடுத்துட்டு வா. மாத்திருவோம்"ன்னாங்க. அவ்ளோதான்.

மறுநாள் வெடியக் காலைல போனேன். இந்தத் தடவை 55-250 மட்டும். இத்தன நாளா இத தூரத்துல இருக்கற பறவைக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 250ல வச்சு, 1.1 மீட்டர் தள்ளி நின்னா, ஃப்ரேம்ல விழற அகலம் ஏழு சென்டிமீட்டர். தட்டான் நீளம் நாலு சென்டிமீட்டர் சொச்சம். முழுத் தட்டானுக்கு இதுவே தாராளம். எஃப் 8ல தெளிவும் நாலு மில்லிமீட்டர் கிடைக்கும். அதோட உடம்புக்கு இணையா பக்கவாட்டுல கேமராவ வச்சா தலையும் வாலும் ஓரளவு அடங்கிடும்.

இன்னொண்ணும் அன்னிக்குத்தான் கவனிச்சேன். இந்தச் செவப்புத் தட்டான் பறந்து போனாலும் அதே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வருது. தொரத்த வேண்டியதே இல்ல. நம்ம நிழல் அது மேல விழாம, குச்சிக்கு ஒரு மீட்டர் தள்ளிக் கம்முனு உக்காந்தாப் போதும். போகும், ஒரு கொசுவப் பிடிக்கும், வந்து உக்காந்து தின்னும். வெயில் ஏற ஏற வாலத் தூக்கி சூரியனப் பாத்து நிக்கும், உடம்புல வெயில் கம்மியாப் படணும்னு.

மூணு மணி நேரம், 140 படம். தேறினது ஒண்ணு. அதுலயும் ஒரு றெக்கை நுனி அவுட் ஆஃப் ஃபோகஸ். குச்சி கோணல். பின்னாடி யாரோ வீசின பிளாஸ்டிக் கவர் மங்கலாத் தெரியுது. போட்டிக்கு அனுப்பினா ஆறுதல் பரிசு கூடக் கிடைக்காது.

அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "இது பறந்து போச்சாடா?"

"போச்சும்மா. திரும்பவும் வந்துச்சு. நான் கெளம்பும்போது கூட அங்கதான் இருந்துச்சு."

டி.பி. மாத்தியாச்சு. பழைய படத்த நானும் அழிச்சுட்டேன். பரிசாக் குடுத்த கப்பு மட்டும் ஆபீஸ் டெஸ்க்குல இருக்கு. அதுல இப்ப பேனா போட்டு வச்சிருக்கேன்.

கிட்டத்துல தட்டான் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்னு கேக்கறவங்களுக்கு என் பதில்: கைல 55-250 இருந்தா இப்போதைக்கு அதுவே போதும் மக்கா. மிச்சக் காச வச்சு ஊருக்கு ஒரு டிக்கெட் போடுங்க.