48 தென்னம்பிள்ளைகள்

காரணிகள் பாடத்தை நான் வரையறையிலிருந்து தொடங்குவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தேவாரத்தில் பிள்ளைகளுக்குத் தென்னந்தோப்பு தெரியும். அதனால், “48 தென்னம்பிள்ளை இருக்கு. எல்லா வரிசையிலயும் ஒரே எண்ணிக்கை வரணும். எத்தனை விதமா நடலாம்?” என்று கேட்பேன். நோட்டில் புள்ளி வைக்கத் தொடங்குவார்கள். 6×8 உடனே வரும், வாய்ப்பாட்டில் படித்ததாயிற்றே. 4×12 அடுத்து வரும். 3×16, 2×24 வரக் கொஞ்சம் நேரமாகும். ஒரே நீள வரிசையாக 1×48 என்றும் நடலாம் என்பது பெரும்பாலும் கடைசியில்தான் தோன்றும்.

அதன்பிறகு நான் கேட்பதுதான் பாடத்தின் உயிர்: “இவ்வளவுதானா? இனிமே இல்லைன்னு எப்படிச் சொல்றே?”

1இலிருந்து வரிசையாகச் சோதிக்கச் சொல்வேன். 5 மீதியின்றி வகுக்காது. 6 வகுக்கும், 7 வகுக்காது. 8க்கு வந்தால் அதன் ஜோடி 6, ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. 7×7 = 49 என்பது 48ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே எந்த ஜோடியிலும் சிறிய எண் 7க்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். தேடல் முடிந்தது என்பதைப் பிள்ளை தானே நிரூபித்துவிடுகிறது.

“ஒரு கன்று பட்டுப்போச்சு” என்பேன். மிச்சம் 47. 2 முதல் 6 வரை எதுவும் வகுக்காது, 1×47 மட்டுமே. பகா எண்ணை இப்படிச் சந்தித்த பிள்ளைக்கு அதன் வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

48க்குக் காரணிகள் 10. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இத்தகைய எண்களைப் பற்றித்தான் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்க இதழில் நீண்ட கட்டுரை எழுதினார்.

உயர் வகுப்பு மாணவர்களுக்கு ஓர் ஏக்கரைக் கொடுப்பேன்: 43,560 சதுர அடி. பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2×2×2×3×3×5×11×11. 2ஐ எடுக்க 4 வழி (எடுக்காமல் விடுவதும் ஒரு வழி), 3ஐ எடுக்க 3, 5க்கு 2, 11க்கு 3. பெருக்கினால் 72 காரணிகள், அதாவது 36 ஜோடிகள். 66 அடிச் சங்கிலியால் நிலம் அளந்தவர்களின் 66×660 அதில் ஒன்று. சதுரத்துக்கு மிக நெருங்கியது 198×220.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளை ஒரு ஜோடி சொன்னதும் “சரி” என்று நிறுத்திவிடாதீர்கள். எல்லா ஜோடிகளையும் கேளுங்கள். வேறு இல்லை என்பதற்குக் காரணத்தையும் கேளுங்கள்.