மலைமேல் ஒரு பள்ளிக்கூடம்

பெரியகுளத்திலிருந்து வடுகபட்டியின் பூண்டுச் சந்தையையும் மேல்மங்கலத்தையும் கடந்து சென்றால் ஜெயமங்கலம் வந்துவிடும். மலையில் பிறக்கும் வராக நதி சோத்துப்பாறை அணையில் சற்றே இளைப்பாறி, பெரியகுளத்தைத் தழுவி, இவ்வூர் வயல்களைக் குளிரச் செய்துவிட்டு வைகையில் கலக்கிறது. சென்ற ஆண்டு திருமண விருந்தொன்றுக்காக அங்குச் சென்றிருந்தேன். காலையில் வயல் வரப்பில் நின்று, சீருடை அணிந்த பிள்ளைகள் மிதிவண்டிகளில் பள்ளிக்கு விரைவதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். அருகில் நின்ற முதிய விவசாயி ஒருவர், "இந்தப் பச்சையெல்லாம் மலை போட்ட பிச்சை, சாமி" என்றார்.

அத்திருமணத்துக்கு ஹைவேவிஸ் மலையிலிருந்து ஒரு தேயிலைத் தொழிலாளியும் குடும்பத்தோடு வந்திருந்தார். முதியவரின் சொல் அவர் காதிலும் விழுந்தது. "அப்படியானால் எங்கள் மலைக்கும் ஒருமுறை வாங்க, சாமி" என்று சிரித்துக்கொண்டே அழைத்தார். அடுத்த மாதமே புறப்பட்டேன்.

தேனியைத் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்கினுள் நுழைந்தால், 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் வயல்தோறும் பச்சையாய்ச் சிரிக்கிறது. சின்னமனூரில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்தால் மலையடிவாரமான தென்பழனி. அங்கிருந்து தொடங்குகின்றன கொண்டை ஊசி வளைவுகள். அவை பதினெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மலரின் பெயர். வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறினால் வெயில் மறைந்து மூடுபனி சூழ்கிறது. மேகமலை, ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எனத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சிற்றூர்கள். இங்குத் தேக்கப்படும் நீர் சுருளியாறு மின் நிலையத்துக்கு இறங்கி மின்சாரமாகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் காடு சுற்றிலும் சூழ்ந்திருக்கிறது.

எஸ்டேட் குடியிருப்பில் அந்தக் குடும்பத்தோடு ஓர் இரவு தங்கினேன். அவர்களுடைய மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஹைவேவிஸ் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். விடியற்காலையில் தாய் கொழுந்து பறிக்கப் புறப்படுமுன், மகளின் உணவைக் கட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரை அழைத்து, "யானை எந்தப் பக்கம் நிற்கிறதாம்?" என்று கேட்டார். நம் வீடுகளில், "மழை வருமா?" என்று கேட்போமே, அதே குரலில்! பதில் வந்த பிறகே பிள்ளைகள் ஒன்றுகூடிப் புறப்பட்டனர். முன்னால் ஒரு தந்தை, பின்னால் ஒரு பெரியவர், நடுவே குளிர்ச்சட்டை அணிந்த சிறுவர் சிறுமியர். நானும் உடன் நடந்தேன். இரு முறை என் காலில் அட்டை ஏறிற்று. அந்தச் சிறுமியே அதனை எடுத்தெறிந்து, "பழகிவிடும், சாமி" என்று ஆறுதல் சொன்னாள்.

2009இல் நடுவணரசு தொடங்கிய இடைநிலைக் கல்வித் திட்டம், ஒவ்வொரு குடியிருப்புக்கும் 5 கிலோமீட்டருக்குள் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளி வேண்டும் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. நல்ல குறிக்கோள்தான். ஆனால் ஜெயமங்கலத்துச் சமவெளியில் 5 கிலோமீட்டர் என்பது மிதிவண்டியில் அரைமணி நேரப் பயணம். மலையில் அதே தொலைவு பனி, மழை, யானை, பேருந்து வராத நாள் என நீண்டுவிடுகிறது. ஆகவே மலைமேலேயே ஓர் அரசுப் பள்ளி நிற்கிறது என்பது சிறிய செய்தியன்று. அது இல்லையேல் எத்தனையோ பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு கூடையைத் தோளில் மாட்டியிருப்பார்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி தொடரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அறுந்துபோகாமல் படித்த பிள்ளைக்கே இவை பயன்படும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், முடிவில் காத்திருக்கும் நன்மை கைக்கு எட்டாது. மலைப்பிள்ளைகளுக்கு அக்கண்ணி எளிதில் அறுந்துவிடுகிறது. மேற்படிப்புக்காகக் கீழே இறங்கும்போது தங்க இடமில்லாமற்போவதே பல நேரங்களில் காரணம்.

இதை நான் யாரையும் குறைகூற எழுதவில்லை, குறை என்னுடையது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு மலையடிவாரப் பங்கில் நான் பணியாற்றியபோது, எஸ்டேட் தொழிலாளி ஒருவர் பத்தாம் வகுப்புத் தேறிய மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். விடுதியில் ஓர் இடம் வாங்கித் தருமாறு கேட்டார். அன்று விடுதி நிரம்பியிருந்தது. "அடுத்த ஆண்டு அழைத்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. நானும் தேடிச் செல்லவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வழியே சென்றபோது அப்பெண்ணைத் தோட்டத்தில் கண்டேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா, சாமி?" என்று அன்போடு கேட்டாள். என்னால் தலைநிமிர்ந்து விடையளிக்க இயலவில்லை. தோட்ட வேலை இழிவானதன்று. ஆனால் அதை அவள் தேர்ந்துகொள்ளவில்லை. என் ஒரு வாக்கியம் அவளுக்காகத் தேர்ந்துவிட்டது.

ஹைவேவிஸில் அன்று காலைப் பள்ளி மணி ஒலித்தபோது அந்த நினைவே என்னை வாட்டிற்று. பிள்ளைகள் பனிக்குள் மறைந்து வகுப்புக்குச் சென்றார்கள். நான் வாயிலருகே நெடுநேரம் நின்றிருந்தேன். திரும்பியபோது அந்தத் தந்தையிடம், "மகள் பத்தாவது முடித்தவுடன் எனக்குக் கடிதம் எழுதுங்கள். இடம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எந்தத் தேதியில் வருகிறாள் என்று மட்டும் எழுதுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பற்றிக்கொண்டார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் ஊரில் மலையிலிருந்து வந்து படிக்கும் பிள்ளை இருக்கலாம். அப்பிள்ளை தங்கப் பாதுகாப்பான வீடோ விடுதியோ தேடித் தரலாம். தேர்வுக் காலத்தில் மாலைதோறும் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித் தரலாம். பேருந்து நின்றுவிட்ட நாளில் ஒரு வேளை உணவு கொடுக்கலாம். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை.

மலை நீர் இறங்கி வருவதற்கு அணை கட்டினோம், கால்வாய் வெட்டினோம், மதகு வைத்துக் காவலும் போட்டோம். மலைப்பிள்ளை இறங்கி வருவதற்கு அத்தகைய வழியொன்றை அமைக்கும் கடன் நமக்கு இருக்கிறது. ஜெயமங்கலத்து முதியவர் சொன்னதுபோல், நாம் உண்ணும் சோறு மலை போட்டதன்றோ!