ஒரு பாட்டுக்கு எத்தனை குரல்?

ஜாஸ் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவரிற் பலர் முகஞ் சுளிப்பர். பெரிய ஹோட்டலின் மங்கிய விளக்கு, மதுக் கிண்ணம், புரியாத ஆங்கிலம், சீமான் வீட்டுப் பொழுதுபோக்கு: இவையே அச்சொல்லோடு அவர்கள் நினைவுக்கு வருவன. தோட்டத்திற் பிறந்து ஈப்போவிற் குடியேறிய ஒருவன் அதைப்பற்றி எழுதப் புகுந்தால், பால்மரம் வெட்டியவள் மகனுக்கு வெள்ளைக்காரன் பாட்டு எதற்கு என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு முதற்கண் ஒன்று சொல்லிவிட வேண்டும். அது வெள்ளைக்காரன் பாட்டு அன்று, தோட்டத்துப் பாட்டு.

அமெரிக்காவின் தென் பகுதியில் பருத்திக் காட்டிலும் கரும்புக் காட்டிலும் அடிமைகளாய் உழைத்த ஆப்பிரிக்க மக்களின் வேலைப் பாட்டும், அவர்கள் தேவாலயத்திற் பாடிய பாட்டும், விடுதலைக்குப்பின் அவர்தம் பிள்ளைகள் பாடிய புளூஸ் என்னும் துயரப் பாட்டும் கலந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரத்தில் உருக்கொண்டதே ஜாஸ். அங்கேயும் துரை உண்டு, மேஸ்திரி உண்டு, வரிசை வரிசையாய்க் குடிசை உண்டு. நம் பாட்டனார் ஒப்பந்தக் கூலியாகவும், பிறகு கங்காணியிடம் கடன்பட்டவராகவும் கப்பலேறினார். அவர்கள் பாட்டனாரோ விலைப்பட்டு, சங்கிலி பூண்டு கப்பலேற்றப்பட்டார். வேற்றுமை பெரிது. அதை மறைத்து இரண்டும் ஒன்றே என்பது நேர்மையன்று. ஆயினும், பிறர் நிலத்தில் பிறர் செல்வத்துக்காக உழைத்தவனுடைய தொண்டையிலிருந்து வந்த இசை அது என்பதை நாம் அறிந்துகொள்ளாமல் வேறு யார் அறிந்துகொள்வது?

அந்த ஜாஸ் பாடகர்களின் இசைத்தட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் இருவகைப் பாட்டுகள் இருக்கக் காணலாம். ஒன்று, அவர்கள் தாமே கட்டிய புதுப்பாட்டு. மற்றொன்று, ஸ்டாண்டர்ட் என்று அவர்கள் வழங்குவது. நிலைத்த பாட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1920 முதல் 1950 வரையிலான காலத்தில் அமெரிக்க நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்டு, நாடகம் மறைந்த பின்னும் மறையாமல், எல்லோர்க்கும் பொதுச் சொத்தாகிவிட்ட பாட்டுகள் அவை. பெரும்பாலும் முப்பத்திரண்டு தாளக்கட்டு. எட்டெட்டாக நான்கு பகுதி. மூன்றாம் பகுதியில் மட்டும் மெட்டு மாறும். இவ்வளவுதான் வீட்டின் சுவர். உள்ளே எப்படி நடமாடுவது என்பது பாடுகிறவர் பொறுப்பு. ஒருவர் சொல்லைத் தாளத்துக்குப் பின்னே இழுத்துவிடுவார். ஒருவர் மெட்டையே பாதி மறந்தவர்போலப் பாடுவார். ஒருவர் சொல்லை விட்டுவிட்டு வெறும் ஒலியாற் பின்னுவார். நம் கச்சேரியில் வித்துவான் ஓரடியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்வதில்லையா? அதைப்போல, ஆனால் பாட்டு முழுவதிலும்.

'சம்மர்டைம்' என்றொரு பாட்டு. 1935-இல் மேடையேறிய 'போர்கி அண்ட் பெஸ்' என்னும் இசை நாடகத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் மெட்டமைத்தது. ஏழைக் கறுப்பர் குடியிருப்பில் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பாடும் தாலாட்டு அது. கெர்ஷ்வினோ ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அடுத்த ஆண்டே பில்லி ஹாலிடே அதைப் பாடினார். 1957-இல் எல்லா பிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடினர். 1968-இல் ஜானிஸ் ஜாப்ளின் கிழிந்த குரலிற் கத்தினார். ஒரே தாலாட்டு. பில்லியிடம் அது மிடுக்கோடு நடக்கிறது, எல்லாவிடம் உறங்குகிறது, ஜானிஸிடம் குழந்தைக்கு முன்னே தாயே அழுதுவிடுகிறாள். எது மூலம், எது நகல் என்ற கேள்வியை அங்கே யாரும் எழுப்புவதில்லை. 1956-இல் தொடங்கி எட்டுப் பாடலாசிரியர் தொகுதிகளை இசைத்தட்டாக்கிய எல்லாவை, பிறர் பாட்டைப் பாடியவர்தானே என்று யாரும் தாழ்த்தியதுமில்லை. பில்லி ஹாலிடே 1941-இல் பதிவுசெய்த, தாமும் சேர்ந்து எழுதிய 'காட் பிளெஸ் தி சைல்ட்' என்னும் பாட்டு, பணத்தைப்பற்றித் தம் தாயோடு வந்த சண்டையிற் பிறந்ததென்று அவரே கூறியிருக்கிறார். அதுவும் இன்று நிலைத்த பாட்டாகிவிட்டது.

இனி நம் கதைக்கு வருவோம். நம் மேடையில் ஒரு பாடகனுக்குக் கிடைக்கும் பெரும் பட்டம் யாது? "அப்படியே டி.எம்.எஸ்.!" என்பதுதான். மூச்சு வாங்கும் இடம், இழுக்கும் இடம், இருமல் இருந்தால் இருமல், எல்லாம் இசைத்தட்டில் உள்ளபடியே வரவேண்டும். இதனை இகழ்வதற்காகச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படமும், லயத்துக்கு ஒன்றாய் இருந்த வானொலிப் பெட்டியுமே நமக்கும் தாய்நாட்டுக்கும் நடுவே இருந்த கயிறு. அந்தக் கயிற்றில் ஒரு புரியும் நெகிழக் கூடாதென்று நாம் அஞ்சினோம். அந்த அச்சத்தில் அன்பு இருந்தது. ஆனால் கயிறு பிடித்து நிற்பதும் பாடுவதும் ஒன்றல்ல.

என் அண்ணன் மகள் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடுமுறை நாளில் கல்யாண வீட்டிலும் திருவிழா மேடையிலும் பாடுகிறாள். ஜாஸ் தட்டுகளை எனக்கு அறிமுகஞ் செய்தவளும் அவளே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவில், எல்லோரும் அறிந்த பழைய சினிமாப் பாட்டொன்றை அவள் வேகங் குறைத்து, சொற்களைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தவிட்டு, தன் போக்கிற் பாடினாள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. இரண்டாஞ் சரணத்துக்குள் மேடைக்கு ஒரு சீட்டு வந்தது: பாட்டை ஒழுங்காகப் பாடச் சொல்லவும். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த நான்கு பாட்டையும் இசைத்தட்டில் உள்ளபடியே பாடிக் கைத்தட்டலும் வாங்கினாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேராக்கில் வாழும் நமக்கு, ஒரு மெட்டு பல குரல் பூணுவது புதிதன்று. சுல்தான் அப்துல்லா செஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட காலத்தில் அங்கே வழங்கிய பிரெஞ்சு மெட்டு என்று சொல்லப்படும் ஒரு மெட்டு, பேராக் மாநிலத்தின் கீதமாயிற்று. அதே மெட்டு 'தெராங் புலான்' என்ற பெயரில் நிலவுப் பாட்டாகி, நாடக மேடையிலும் நடன மண்டபத்திலும் ஒலித்தது. 1947-இல் லண்டனில் பெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய் வாத்தியக் குழு 'மாமுலா மூன்' என்று அதை இசைத்தட்டாக்கிற்று. சுதந்திரம் நெருங்கியபோது தேசிய கீதத்துக்காக உலகமெங்கும் போட்டி வைத்தார்கள். வந்த மெட்டுகள் 514. ஒன்றும் பிடிக்கவில்லை. பெஞ்சமின் பிரிட்டன் போன்ற புகழ்பெற்றோரைக் கேட்டு வாங்கியதும் பிடிக்கவில்லை. முடிவில் நம் பேராக் மெட்டையே எடுத்துப் புதுச்சொல் பூட்டி, 1957 ஆகஸ்டில் 'நெகாராக்கூ' என ஏற்றுக்கொண்டார்கள். அதன்பின் அது நிலவுப் பாட்டாய் ஒலிப்பது நின்றது, அதுவே முறையுமாகும்.

மலாய் அன்பர்கள் இந்தக் கலையில் நமக்கு மூத்தவர்கள். பினாங்கிற் பிறந்த பி. ரம்லி 1973-இல் மறைந்தார். அவரை 1950-இல் 'பக்தி' என்னும் படத்தில் கதாநாயகனாக்கியவர் சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணன் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லிவைத்தால் நன்று. ரம்லியின் பாட்டுகள் பழைய படத்தோடு பெட்டிக்குள் போயிருக்கலாம். போகவில்லை. 1986-இல் 'எமோசி' என்னும் தட்டில் 'சினாரான்' என்ற பாட்டைப் பாடிப் புகழ்பெற்ற ஷீலா மஜித், 1990-இல் 'லெஜெண்டா' என்றொரு தட்டு வெளியிட்டார். ரம்லியின் பாட்டுகள் அதில் ஜாஸ் நடையில் புத்துடை பூண்டன. ரம்லியைப் பற்றியே கட்டிய புதுப்பாட்டொன்று தட்டுக்குப் பெயரும் தந்தது. என் செவிக்கு அத்தட்டில் மெருகு சற்று அதிகம்; ரம்லியின் குரலில் இருந்த வீட்டுச் சமையல் வாசனை குறைவு. அதனால் என்ன? ரம்லியைத் திரையிற் கண்டறியாத ஒரு தலைமுறை அவர் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிற்று. அவரைப்போலவே பாடியிருந்தால் இது நடந்திராது.

தமிழில் இது கூடுமா? ஜாஸின் மூச்சுக்குத் தமிழ்ச் சொல் வளையாது என்பார் உளர். 1940-களில் தமிழிசைக்காகக் கிளர்ச்சி நடந்தபோதும் இதே பேச்சுத்தான் எழுந்தது. தெலுங்குக் கீர்த்தனத்துக்குள்ள குழைவு தமிழுக்கு ஏது என்றார்கள். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, மேடையிலேயே அதற்கு விடை சொல்லிற்று. ஜாஸ் மேடையில் விடை சொன்னவர் ஒரு பெண். நியூயார்க்கிற் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா துரைசாமி. 2016-இல் கியூபா நாட்டுப் பியானோ கலைஞர் ஆல்பிரெடோ ரோட்ரிகசின் 'தொகொரோரோ' தட்டிற் பாடிய அவர், 2018-இல் 'ஐக்கியம்: ஒண்ணு' என்ற தம் முதல் தட்டை வெளியிட்டார். அமெரிக்கர் நூறு குரலிற் பாடித் தேய்த்த நிலைத்த பாட்டுகளுக்குத் தமிழ்ச்சொல் தந்து பாடினார் அதில். பெயரைப் பாருங்கள்: ஒன்று என்று எழுதவில்லை, ஒண்ணு என்று வீட்டுத் தமிழில் எழுதினார். 2024-இல் 'டாட்டர் ஆப் எ டெம்பிள்', 2025-இல் 'நிலம்' என்று தட்டுகள் தொடர்ந்தன. ஜாஸ் மேடையின் பெருங்கலைஞர்கள் அவரோடு இசைத்திருக்கிறார்கள். ழகரமும் ணகரமும் அந்தத் தாளத்தில் உட்கார மறுக்கவில்லை. அவர் பாட்டில் தூக்கக் கலக்கம் மிகுதி, எல்லாம் ஒரே மெதுநடை என்று என் மைத்துனர் குறை சொல்கிறார். கேட்டுவிட்டுச் சொல்கிறாரே, அது போதும்.

ஆனால் கானவ்யா பிறர் பாட்டைத் தமிழாக்கினார். நம் பாட்டு எங்கே? நாம் நிலைத்த பாட்டாக்கத் தக்கது நம்மிடம் என்ன இருந்தது?

பருத்திக்காட்டில் ஒருவன் கூவ, நூறுபேர் ஏற்றுப் பாடுவார்கள். பால்மரக் காட்டிலோ நிரைக்கு ஒருவர். தலையில் விளக்கு, தோளில் காண்டா, பேச்சுத்துணைக்குக் கொசு. ஆகவே நம் பாட்டு வேலைக்காட்டில் வளராமல் வீட்டிலும் சாவிலும் வளர்ந்தது: தாலாட்டு, ஒப்பாரி, திருவிழாக் கும்மி. தமிழ்நாட்டு மெட்டு, சொல் மட்டும் இந்த மண்ணுடையது. என் தாயார் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். அவர் பாடிய தாலாட்டு ஒருநாள் பாடியபடி மறுநாள் இராது. மழை பெய்து வேலை நின்றால் மழை பாட்டுக்குள் வரும். பால் நிறுக்கும்போது எடை குறைந்தால் கிராணி வருவார், மரியாதையாக அல்ல. பிரட்டுக்களத்தில் கேட்ட வசவு வரும். ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த பிள்ளையின் காய்ச்சல் வரும். மெட்டு ஒன்றே. பில்லி ஹாலிடே நியூயார்க்கில் செய்ததை என் தாயார் லயத்துத் திண்ணையிற் செய்துகொண்டிருந்தார். இசைத்தட்டுக்காரன்தான் அந்தப் பக்கம் வரவில்லை.

துண்டாடலில் தோட்டங்கள் கைமாறின. துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கங் கண்டு சிலவற்றைக் காத்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் வந்தது. நாம் புந்தோங்குக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்தோம். பாத்திரம் வந்தது, சாமிப்படம் வந்தது, பாட்டு வரவில்லை. இன்று சாவு வீட்டில் ஒப்பாரியும் ஒலிபெருக்கியில் வருகிறது. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அலைந்து திரட்டி 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' போன்ற நூல்களில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். எனினும் நூல் பாடாது. திரட்டியதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒப்பிப்பதுதான் காப்பது என்று நினைத்தால், திருவிழா மேடைக்குச் சீட்டு எழுதி அனுப்பிய அன்பரின் கட்சியிலேயே நாமும் சேர்ந்துவிடுவோம்.

சென்ற தீபாவளி விடுமுறையில் அண்ணன் மகள் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா, பாட்டி தாலாட்டை நான் பாடப்போகிறேன். ஒரு கிட்டார், ஒரு பெரிய பிடில், அவ்வளவுதான். முதல் அடி அப்பா சொன்னார். இரண்டாம் அடி என்ன?"

மெட்டைப் பாடிக் காட்டினேன். இரண்டாம் அடி என்று ஒன்று கிடையாது, அன்று என்ன நடந்ததோ அதுதான் இரண்டாம் அடி என்றேன். அவள் பேனாவை மூடினாள். சற்றுநேரம் மெட்டை மட்டும் முனகிக்கொண்டிருந்துவிட்டு, விடியற்காலை நான்கரை மணித் தொழிற்சாலைப் பஸ்ஸையும், அது வராத நாளையும், வாயிற்கதவில் அட்டை தட்டும் பொறியையும் உள்ளே வைத்துப் பாடினாள். அடுப்படியிலிருந்து அண்ணி கரண்டியோடு வந்து நின்று, "பிள்ளை தூங்குமா இதற்கு?" என்று கேட்டார்.