விசைப்பலகை வேண்டாத கருவி

ஒரே ஒலியை நெடுநேரம் நிறுத்தி, அதனுள் நிகழும் சலனங்களைக் கேட்பதே எங்கள் இருவரின் விருப்பம். அதற்கென ஒரு சிந்தசைசர் வாங்கப் பணம் சேர்த்தோம், ஒன்றுக்குத்தான் போதும். கடைகளில் விசைகளையும் ஆயத்த ஒலிகளையும் எண்ணிச் சொன்னார்கள். எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

எங்கள் அளவுகோல் எலியான் ராடிக். 1970களின் தொடக்கத்தில் ஆர்ப் 2500 கருவியை நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குக் கொண்டுசென்ற அந்தப் பிரெஞ்சுப் பெண்மணி, அதன் விசைப்பலகையை மட்டும் வேண்டாமென்று விட்டுச்சென்றார். மகனை இழந்தபின் 1991இல் அவர் முடித்த 'கைலாஷா' ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒலிக்கிறது. அதில் மெட்டு என்று பிரித்தெடுக்க ஏதுமில்லை. ஒலி மாறிக்கொண்டே இருக்கிறது, எப்போது மாறியது என்றுதான் தெரிவதில்லை.

110 ஹெர்ட்ஸில் ஓர் ஒலியையும் 110.5இல் மற்றொன்றையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், இரண்டு நொடிக்கொரு முறை அது பொங்கித் தணியும். தம்புராவின் ஜீவாளி நூலை நகர்த்தி நகர்த்தி உயிர்ப்பைத் தேடுபவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதன்று. ஆகவே, சுருதியைக் கையாலேயே மயிரிழை விலக்க முடிகிறதா என்பதே எங்கள் முதற்கேள்வி.

லைரா-8இல் எட்டுக் குரல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. விசைகளுக்குப் பதிலாகத் தொடுவதற்கு உலோக முனைகள். விரலின் ஈரம்கூட ஒலியை மாற்றிவிடும். அமைப்புகளைச் சேமிக்க நினைவகம் இல்லை. நேற்றுக் கேட்டது இன்று அப்படியே திரும்பாது. எங்களுள் ஒருவர் அதைக் குறை என்றார், மற்றவர் வரம் என்றார். இரண்டு வாரம் வாதிட்டு அதையே வாங்கினோம். எப்போது வாசிக்கத் தொடங்குவீர்கள் என்று வீட்டார் இன்னும் கேட்கிறார்கள், அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே.